பதினாறாவது காய்

என் பிரியத்துக்குரிய மாப்பிள்ளை மாதேஷுக்கு,

உன் மகள் ஹேமாவின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பொறுமை இல்லாமல் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பாய். சினிமாவுக்குப் போனால் இடைவேளையிலேயே முடிவைக் கேட்கிற ஆள் நீ.

ஊரார் முன்னால் உன்னை "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை" என்றுதான் இத்தனை வருஷமும் கூப்பிட்டேன். பெண் கொடுத்த வீட்டு மரியாதை அது. நம் ஆர்கெஸ்ட்ரா வேனின் கதவைச் சாத்தினால் போதும், மரியாதை வெளியே நின்றுவிடும். நான் "டேய்" என்பேன், நீ "போடா மச்சான்" என்பாய். இந்தக் கடிதத்தையும் வேனுக்குள் உட்கார்ந்து எழுதுவதாகவே வைத்துக்கொள். நீ வழக்கம்போல ஜன்னலோரம், மடியில் டோலக்கோடு.

உனக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று சொல்கிறேன். முகூர்த்த நாட்களில் நம் இருவருக்கும் ஒரே மேடை. எனக்குக் கீபோர்டு, உனக்குத் தாளம். மற்ற நாட்களில் நீ பாலக்கோட்டில் ஒரு தேங்காய் மண்டியில் காய் எண்ணிப் போடுவாய். நான் பாப்பிரெட்டிப்பட்டியில் மருந்துக்கடை மாடியில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுப்பேன். என் தங்கை மஞ்சுளாவைக் கட்டி உறவுக்காரன் ஆனாய். அதற்கு முன்பே நீ என் கூட்டாளி.

போன வருஷம் மாங்காய் சீசன் முடிகிற சமயம். காலையில் மஞ்சுளாவிடம் காபி கேட்டுவிட்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்தாய். அவள் ஆற்றி எடுத்துக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாய். இப்போதெல்லாம் அவள் யாருக்கும் காபியை ஆற்றிக் கொடுப்பதில்லை, தெரியுமா? கொதிக்கக் கொதிக்க அப்படியே கொண்டுவந்து வைக்கிறாள். நாங்களும் வாயைச் சுட்டுக்கொண்டு குடிக்கிறோம், ஏன் என்று கேட்பதில்லை.

உன் தலைத்திவசம் முடிந்ததும் ஹேமாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன். மொரப்பூர்ப் பக்கம் சொந்த நிலம், ஓசூரில் வேலை. நிச்சயம் முடிந்த அன்றைக்கே ஹேமா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். எதற்கு என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும்.

அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில் ஒரு வரவேற்புக்கு நம்மோடு வந்திருந்தாள். மணப்பெண் வாசலிலிருந்து மேடைக்கு நடந்து வர, நாம் யாரோ போட்ட சினிமாப் பாட்டை வாசித்தோம். திரும்பும்போது வேனில் அவள் கேட்டாள், "எனக்கும் இதே பாட்டுத்தானா அப்பா?" என்று. நீ சொன்ன பதிலை அவள் மறக்கவே இல்லை.

"உனக்கு எதுக்கு பாப்பா அடுத்தவன் பாட்டு? நானும் உங்க மாமனும் போடறோம். பாட்டே கெடையாது, வெறும் வாத்தியந்தான். நீ வாசல்ல கால வெச்சா ஆரம்பிக்கும். மேடையில கால வெச்சா முடியும்."

இப்போது அவள் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். "மாமா, அப்பா சொன்னது வேணும். அது இல்லன்னா ஒண்ணும் வேணாம். சத்தமில்லாம நடந்து வந்துக்கறேன்." முகத்தில் அழுகை இல்லை. உன்னை மாதிரியே தாடையை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றாள். நான் சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். தலையை ஆட்டிய பிறகுதான் எதை ஒப்புக்கொண்டேன் என்று யோசித்தேன்.

ஏனென்றால் மாப்பிள்ளை, அந்த இசையில் முடிவு மட்டும்தான் இருந்தது. அதுவும் உன் கையில் இருந்தது. "முடிவு என்கிட்ட ரெடியா இருக்குது மச்சான், முன்னாடி எதனா நீ போட்டுக்கோ" என்பாய். கச்சேரி முடிந்து விடியற்காலையில் திரும்பும்போதெல்லாம் வேன் கதவின் தகரத்தில் அதைத் தட்டிக் காட்டுவாய். தகிட தக, தகிட தக, தகிட தக. தகிட மூன்று, தக இரண்டு; அப்படி மூன்று ஐந்து. பிறகு உன் வலது கை மணிக்கட்டில் ஒரு சுழட்டுச் சுழட்டி, ஜன்னல் பக்கம் எதையோ வீசும். அடுத்த தட்டு சரியாகத் தாளத்தின் முதல் அடியில் வந்து விழும். 

நீ ஸ்டைல் காட்டுகிறாய் என்றுதான் அந்தக் கை வீச்சைப் பற்றி நினைத்துக்கொள்வேன். "அதுல ஒண்ணு ஒளிஞ்சிருக்குது. கண்டுபுடிச்சா பிரியாணி" என்று கண்ணடிப்பாய். நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். வெளியே பாறைக் குன்றுகளும் புளியமரங்களும் பின்னால் போய்க்கொண்டிருக்கும். கேட்டுக்கொள்ள இன்னும் எத்தனையோ பயணம் இருக்கிறது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன்.

சரி, முன்பகுதியைச் செய்தேன். எங்கே செய்தேன் என்கிறாய்? முக்கால்வாசி பஸ்ஸில்தான். பாப்பிரெட்டிப்பட்டியில் ஏறி, தர்மபுரியில் மாறி, பாலக்கோட்டுக்கு மஞ்சுளாவைப் பார்க்க வருகிற வழியில். ஜன்னல் கண்ணாடி அதிர்கிற சத்தம் ஒரு நடையில் ஓடும், என்ஜின் வேறு நடையில் ஓடும். தலையைக் கம்பியில் சாய்த்தால் இரண்டும் கலந்து ஒரு மயக்கம் வரும். அந்த மயக்கத்தில் பக்கத்து சீட்டில் நீ இருப்பாய். தொடையில் தாளம் போடுவாய். கண்ணைத் திறந்தால் அங்கே ஒரு அம்மா தக்காளிக் கூடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

முதலில் வேகம் வேண்டும். பெண் எந்த வேகத்தில் நடப்பாள் என்று தெரியாமல் எப்படிப் போடுவது? ஹேமாவைக் கூடத்தில் நடக்கச் சொன்னேன். அவள் எப்போதும்போல பஸ்ஸைப் பிடிக்கிற நடை நடந்தாள். "பட்டுப்புடவை கட்டிக்கோ, பிறகு நட" என்றேன். மஞ்சுளா தன் கல்யாணப் புடவையை எடுத்துக் கொடுத்தாள். புடவை கட்டியதும் நடை தானாகவே மாறிவிட்டது. கொலுசுச் சத்தத்துக்கு நான் மேஜையில் விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டேன். நாலு நாலாக, அவசரம் இல்லாமல். மஞ்சுளா அடுப்படி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நடைதான் தொடக்கம். மோகன ராகம். ஐந்தே சுரம், குழந்தைகூட முணுமுணுக்கலாம். புல்லாங்குழலும் கீபோர்டும் மட்டும். தாளத்துக்கு டோலக் வேண்டாம் என்று வைத்துவிட்டு, இரண்டு கொட்டாங்குச்சியைத் தட்டுகிற ஓசையைப் போட்டேன். நாலு நாலாக நாலு முறை, பதினாறில் ஒரு சுற்று. உன் மகள் வாசலில் காலை வைக்கிற இடம் அது.

அப்புறம் நடுவில் ஒரு விளையாட்டு. நாலுக்குள் மூன்று. கொட்டாங்குச்சி நாலு நாலாகவே போய்க்கொண்டிருக்கும். என் வலது கை மட்டும் மூன்று மூன்றாகச் சுரங்களைக் கட்டிக்கொண்டு போகும். கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒன்றை ஒன்று விட்டு விலகிவிட்டதாகத் தோன்றும். பிறகு பார்த்தால் ஒரே இடத்தில் வந்து நிற்கும். நீயும் மஞ்சுளாவும் கோயிலுக்குப் போகிற மாதிரிதான். நீ எட்டிப் போட்டு நடப்பாய், அவள் சின்ன அடியில் வருவாள். வாசலில் சேர்ந்துதான் செருப்பைக் கழற்றுவீர்கள்.

இந்த இடத்தை வாசித்துக் காட்டியபோது மஞ்சுளா முதல்முறையாகச் சிரித்தாள். "இது அவரும் நானும் சண்ட போட்டுக்கிட்டு நடக்கறாப்பல இருக்குதுண்ணா" என்றாள். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லையே.

முடிவில்தான் மாட்டிக்கொண்டேன்.

மூன்று ஐந்து பதினைந்து. சுற்று பதினாறு. ஒன்று குறைகிறது. அடி அடியாக எழுதி லேப்டாப்பில் ஓட்டினால், முடிவு ஒரு அடி முன்னாலேயே வந்து விழுகிறது. ஹேமாவின் கால் அந்தரத்தில் நிற்கும்போதே இசை முடிந்துவிடும். உன் கையில் மட்டும் எப்படி அது ஒவ்வொரு தடவையும் சரியாக வந்தது?

என்னவெல்லாம் செய்து பார்த்தேன் என்று கேட்டால் சிரிப்பாய். கடைசி ஐந்தை ஆறாக இழுத்தேன். பிரேக் பிடிக்காத வண்டி சுவரில் இடித்து நின்றது மாதிரி இருந்தது. ஒரு அடி தள்ளித் தொடங்கினேன். முடிவு சரியாக வந்தது, ஆனால் அது உன்னுடையது இல்லை என்று பட்டது. ஒன்றும் வாசிக்காமல் ஓர் இடத்தைச் சும்மா விட்டும் பார்த்தேன். வாசிக்கிறவன் மறந்துபோய் முழிக்கிற மாதிரி இருந்தது.

உன் இடத்தில் இப்போது சேகர் வாசிக்கிறான். மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம் வீடு. நல்ல கை, நல்ல குணம். உன்னைப் பற்றிப் பேசினால் எழுந்து நின்றுதான் கேட்பான். ஒத்திகையில் மூன்று நாலு தடவை பார்த்துவிட்டு அவன் சொன்னான்:

"அண்ணா, அந்த ஒரு எடத்துல ஒரு சிம்பல் போட்டுடலாங்க. சிலுங்னு நெறஞ்சுடும். யாருக்குத் தெரியப் போவுது?"

"சும்மா விட்டா?"

"சும்மா விட்டா பாட்டு முடிஞ்சுதுன்னு ஜனம் கைதட்டிடுங்க. பொண்ணு பாதி வழியில நிக்கும்."

அவன் சொன்னது நியாயம்தான். சிம்பல் போட்டோம். கேட்க நன்றாகவே இருந்தது. கல்யாண வீட்டில் நாலு பேர் பாராட்டவும் செய்வார்கள். ஆனால் ஹேமா கேட்டுவிட்டுப் போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். அப்புறம், "நல்லா இருக்குது மாமா" என்றாள். அந்த "நல்லா இருக்குது" என்னைத் தூங்க விடவில்லை. உப்பு குறைந்த குழம்பை விருந்தாளி அப்படித்தான் பாராட்டுவான்.

மஞ்சுளாவிடம் கேட்டேன். "அவன் வூட்டுல எப்பவாச்சும் இத தட்டிக் காட்டினானா? ஏதாவது சொன்னானா?" என்று.

"எங்கிட்ட என்னா சொல்லப் போறார்? தூங்கறப்போ கூட கை சும்மா இருக்காது. நல்லாத் தூங்கிக்கிட்டு இருப்பார், திடீர்னு வலது கைய வீசுவார். எத்தன நாளு என் மூக்குல அடி வாங்கியிருக்கறன்!" என்றாள். சொல்லிவிட்டு மூக்கைத் தடவிக்கொண்டாள். அப்படியே கொஞ்ச நேரம் கையை மூக்கிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னாள். வரவேற்பில் ஹேமாவோடு தான் நடந்து வரப்போவதில்லை என்றாள். "நான் ஓரமா நின்னு பாத்துக்கறேன்ணா. நாலு பேரு நாலு வெதமா பேசுவாங்க. அவ சித்தி கூட வரட்டும்." ஹேமா உள்ளே இருந்தே கத்தினாள், "நீ வரலன்னா நானும் வரல, மண்டபத்தப் பூட்டிட்டுப் போகச் சொல்லு!" இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தாய்மாமன் என்ற முறையில் நான் நடுவில் உட்கார்ந்து, சுடச்சுடக் காபி குடித்தேன். வேறு என்ன செய்வது?

கல்யாணத்துக்கு முந்தின வாரம் தாம்பூலப் பைக்குத் தேங்காய் வந்து இறங்கியது. உன் மண்டியிலிருந்துதான். உன்னோடு காய் எண்ணிய பெருமாளே கூட வந்திருந்தான். நாரை உரித்துக் குடுமி விட்ட காய்கள். கொல்லைப்புறத்தில் சாக்கை விரித்தான். எண்ணிக்கைக்கு ஆள் வேண்டும் என்றதும், மஞ்சுளா என் கையில் சாக்பீஸைக் கொடுத்து, "ஒரு கைக்கு ஒரு கோடு போடுண்ணா, போதும்" என்றாள்.

உனக்கு இது சோறு தின்கிற மாதிரி. நான் அதுவரைக்கும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. நீ மண்டியில் இருக்கிற நேரம் எனக்கு வகுப்பு நேரம். இத்தனை வருஷப் பழக்கத்தில் உன் வேலையை நான் ஒரு நாள்கூடப் பார்க்காமலே இருந்திருக்கிறேன், பாரேன்.

பெருமாள் குடுமியைப் பிடித்து ஒரு கையில் மூன்று காயை எடுத்தான், மறு கையில் இரண்டு. அதுதான் ஒரு கை. முதலில் மூன்றும் விழுந்தன, அடுத்து இரண்டும் விழுந்தன. "ஒண்ணே ஒண்ணூ..." என்று பாட்டாக இழுத்தான். நான் ஒரு கோடு போட்டேன். "ரெண்டே ரெண்டூ..." இன்னொரு கோடு. "மூணே மூணூ..." இன்னொரு கோடு. பிறகு வாயைத் திறக்காமல் ஒற்றைக் காயை எடுத்து, மணிக்கட்டைச் சுழட்டிக் குவியல் மேல் வீசினான். நான் அதற்கும் ஒரு கோடு போட்டேன்.

"அண்ணா, அதுக்கு ஏங்க கோடு போடறீங்க?" 

"ஒரு காய் போட்டியேப்பா."

"அது லாபக்காய்ங்க. மூணு கைக்கு ஒண்ணு, மேல போடறது. அத எண்ணக் கூடாது."

"எண்ணாம எப்படிக் கணக்கு வரும்?"

"எண்ணிட்டா அப்புறம் அதுல லாபம் என்னாங்க இருக்குது? அது குடுக்கறதுங்க. எண்ணறது இல்ல." சொல்லிவிட்டு அடுத்த கையை எடுத்தான். "மாதேசு அண்ணன் போடறது இன்னும் அழகா இருக்கும். திரும்பிக்கூடப் பாக்காது. காய் போயி உச்சியில உக்காரும்."

எனக்குக் காது அடைத்துவிட்டது, மாப்பிள்ளை. மூன்று, இரண்டு. மூன்று, இரண்டு. மூன்று, இரண்டு. பிறகு வாய் மூடிய ஒரு வீச்சு. தகிட தக, தகிட தக, தகிட தக, அப்புறம் அந்தக் கை. வேன் ஜன்னலோரம் நீ எதை வீசினாய் என்று இப்போது பார்த்தேன். தூக்கத்தில் மஞ்சுளாவின் மூக்கில் பட்டது எது என்றும் பார்த்தேன். சாக்பீஸ் கையிலிருந்து விழுந்துவிட்டது.

பெருமாள் எண்ணிக்கொண்டே போனான். நான் கோடு போடுவதை விட்டுவிட்டு, அவன் வீச்சோடு வீச்சாக என் வலது கையை வீசிப் பார்த்தேன். முடிவு வந்து முதல் அடியில் உட்கார்ந்தது. மறுபடியும் உட்கார்ந்தது. வெயில், காய் விழுகிற சத்தம், நார் வாசனை எல்லாம் எங்கேயோ தள்ளிப்போய்விட்டன. நான் கொல்லையில் நிற்கிறேனா, வேனில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேனா என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. மஞ்சுளா வந்து தோளைத் தொட்டு, "என்னாண்ணா, மயக்கமா? கோடு எங்க?" என்று கேட்டாள். காயெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. பெருமாள் என்னை மனசுக்குள் திட்டியிருப்பான்.

மறுநாள் ஒத்திகையில் சேகரின் சிம்பலைக் கழற்றி ஓரமாக வைத்தேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"சேகரு, அந்த எடத்த சும்மா விடப் போறதில்ல. கைய வீசு. உள்ளங்கையில ஒரு தேங்கா இருக்குதுன்னு நெனச்சுக்கோ. அது போயி விழுறதுக்கு ஆவற நேரந்தான் அந்த ஒண்ணு."

முதலில் கூச்சப்பட்டான். பிறகு ஒரு நிஜத் தேங்காயையே கொடுத்து வீசச் சொன்னேன். அது போய்ப் புல்லாங்குழல்காரர் பைக்குள் விழுந்தது. எல்லோரும் சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு அவன் கை ஒருமுறைகூடத் தவறவில்லை. மேடையில் மற்ற மூன்று பேரும் கூடவே வீசப் பழகிக்கொண்டோம். சும்மா விட்டபோது செத்துக் கிடந்த இடம்தான் அது. கை வீசியதும் அதற்கு ஒரு கனம் வந்துவிட்டது. எத்தனை பேருக்கு எத்தனை வருஷமாகத் தாளம் சொல்லிக்கொடுக்கிறேன். ஓசை இல்லாத ஓர் அடிக்கும் எடை உண்டு என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது.

ஹேமாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. மண்டபத்திலேயே கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். மனசுக்குள் பயம் இருந்தது. மறுபடியும் ஒரு "நல்லா இருக்குது மாமா" வந்தால் தாங்காது.

வரவேற்பு அன்றைக்கு சாயங்காலம் தூறல் போட்டு நின்றிருந்தது. மண்டபத்து வாசலில் ஈரமும் ரோஜாப்பூ வாசனையும். உன் படம் மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. போட்டோகாரர் உன் தொப்பையைக் கொஞ்சம் குறைத்துவிட்டார், கோபித்துக்கொள்ளாதே. நான் கீபோர்டு முன்னால் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. ஹேமா நின்றாள். அவள் பக்கத்தில் மஞ்சுளா நின்றாள்.

எப்படிச் சம்மதித்தாள் என்று யாரைக் கேட்டும் தெரியவில்லை. அலங்கார அறைக்குள் அம்மாவும் மகளும் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்களாம். முன்வரிசையில் இரண்டு பேர் காதைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். மஞ்சுளாவும் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் மகளின் கையை விடவில்லை.

ஹேமா காலை எடுத்து வைத்தாள். கொட்டாங்குச்சி தொடங்கியது. நாலு நாலாக, பட்டுப்புடவையின் நடையில். குழல் அந்த ஐந்து சுரத்தில் மிதந்தது. நடுவழியில் நாலுக்குள் மூன்று வந்தபோது அம்மாவும் மகளும் அடி பிசகி, பிறகு தாங்களாகவே சேர்ந்துகொண்டார்கள். ஹேமா சிரித்ததைப் பார்த்தேன். யாரைப் பற்றி வாசிக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு உன் மூன்று ஐந்து வந்தது. அவர்கள் மேடைப் படியை நெருங்கும்வரைக்கும் அதையே திரும்பத் திரும்ப வாசிப்பதாக ஏற்பாடு. முதல் சுற்றில் தகிட தக மூன்றும் முடிந்து, எல்லாம் நின்ற அந்த ஓர் இடத்தில், சேகர் பயந்தபடியே பின்வரிசையில் யாரோ ஒரு பெரியவர் படபடவென்று கைதட்டிவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் எங்கள் நாலு பேர் கையும் ஒரே நேரத்தில் காற்றில் வீசியதை அவரும் பார்த்திருக்க வேண்டும். அடுத்த அடி சரியாக வந்து விழுந்ததும் தட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாவது சுற்றில் யாரும் தட்டவில்லை. மூன்றாவது சுற்றில், சாப்பாட்டுப் பந்தியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெருமாள் சும்மா இருக்கவில்லை. கையில் இருந்த தண்ணீர் ஜக்கோடு மணிக்கட்டைச் சுழட்டினான். பக்கத்தில் இருந்தவர் மேல் தண்ணீர்.

கடைசிச் சுற்று. இரண்டு பேரும் படிக்கு முன்னால் வந்துவிட்டார்கள். நான் சேகரைப் பார்த்துத் தலையாட்டினேன். தகிட தக. தகிட தக. தகிட தக.

எல்லாம் நின்றது. மின்விசிறிகள் சுற்றுகிற சத்தம்தான் மிச்சம். ஹேமா ஒரு காலைத் தூக்கியிருந்தாள். அவளுடைய இடது கையை மஞ்சுளா பிடித்திருந்தாள். மஞ்சுளாவின் வலது கை புடவை மடிப்புக்குப் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை, மாப்பிள்ளை. லாபக்காய் பற்றிச் சொல்லவில்லை, கை வீசுவது பற்றியும் சொல்லவில்லை. அந்தக் கை தானாகவே எழுந்தது. மணிக்கட்டு ஒரு சுழட்டுச் சுழட்டியது. திரும்பிக்கூடப் பார்க்காமல், நீ வீசுகிற மாதிரியே வீசினாள்.

ஹேமாவின் பாதம் மேடையில் பட்டது. நாங்கள் அந்த அடியை வாசித்தோமா இல்லையா என்றே எனக்கு நினைவில்லை. விழுந்தது என்று மட்டும் தெரியும். ஜனம் தட்டியதும் தெரியும், ஆனால் தூரத்தில் எங்கேயோ கேட்டது. கண்ணீர் மறைத்து எனக்குக் கீபோர்டின் கறுப்புக் கட்டையும் வெள்ளைக் கட்டையும் ஒன்றாகத் தெரிந்தன.

இரவு சாப்பிட்ட பிறகு ஹேமா வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. "மாமா, அந்த எடத்துல அப்பா இருந்துச்சு" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்க போச்சு அந்தக் காயி?" என்று கேட்டாள். பெருமாள் எல்லாவற்றையும் அவளிடம் உளறிவிட்டிருந்தான். அவள் கேள்வியை உனக்கே அனுப்புகிறேன். உனக்குத் தெரியுமா? நீ வீசியதெல்லாம் எந்த உச்சியில் போய் உட்கார்ந்திருக்கிறது?

மூன்று நிமிஷம்கூட இல்லாத இசை அது. தலைப்பு வைக்கவில்லை. சேகர் போனை ஓரமாக நிறுத்திப் பிடித்ததைக் கேட்டுவிட்டு, இரண்டு மூன்று கல்யாண வீட்டில் தங்களுக்கும் வேண்டும் என்கிறார்கள். வாசிப்போம். உனக்கு ஆட்சேபம் இருக்காது. நீ எதையும் பொத்தி வைத்துக்கொள்கிற ஆள் இல்லையே.

இன்றைக்குக் காலையில் பாலக்கோடு வந்தேன். மலைப் பக்கம் மேகம் இறங்கிக் கிடந்தது. மறுவீட்டு விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளையை நான் "வாங்க மாப்பிள்ளை" என்று கூப்பிட்டபோது நாக்கு கொஞ்சம் தடுக்கியது. மஞ்சுளா காபி கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கி, சுடும் என்று நினைத்து ஓரத்தில் உதட்டை வைத்தேன். சுடவில்லை, மாப்பிள்ளை. ஆற்றியிருந்தாள்.

நீ தருவதாகச் சொன்ன பிரியாணியை நானே வாங்கிச் சாப்பிட்டுவிட்டேன். இரண்டு இலை போடச் சொன்னேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். இனிமேல் எந்த மேடையில் இதை வாசித்தாலும், யார் கெஞ்சினாலும், அந்தப் பதினாறாவது இடத்தில் சிம்பலோ சுரமோ வேறு எதுவுமோ வைக்க மாட்டேன். என் கை வீசும். என் கை ஓய்ந்த பிறகு சேகரின் கை வீசும். அதை நாங்கள் எண்ண மாட்டோம்.

உன் பக்கத்து சீட்டில் பாதித் தூக்கத்தில் இருக்கும்,
உன் மச்சான்,
ஹேமாவின் தாய்மாமன்,
முனிராஜ்